அருவிக்குப் போகும் வழியில் ஒரு குழி

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. இயற்கையைக் காட்ட வேண்டும் என்று காட்டுப் பாதையில் 3 கிலோமீட்டர் நடந்து ஓர் அருவிக்குப் போனோம். பாதி வழியில், மணலில் புனல் புனலாக இருந்த ஏதோ பூச்சிக்குழிகளைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றான். முழங்கால் வலிக்காரரான என் மாமனாரும் அவனோடு உட்கார்ந்துவிட்டார். 40 நிமிடம் போனது. முன்னால் போய்விட்ட கணவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். கடைசியில் மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அருவி வரை அழுகை, அங்கேயும் அழுகை. நடக்கவும் சோம்பேறித்தனம். இவனுக்கு இயற்கையில் ஆர்வம் வர என்ன செய்வது? அடுத்த முறை மாமனாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. மலை, ஏரி, கடற்கரை என்று இடம் மாறும். குழந்தை அழும், பெரியவர்கள் அலுத்துத் திரும்புவார்கள், பிள்ளைக்கு ஆர்வமே இல்லை என்று கடிதம் முடியும். ஆர்வம் வர வழி கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஒரு குழியின் முன்னால் 40 நிமிடம் உட்கார்ந்த பிள்ளையைப் பற்றி இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, மாமனாரும் அவனோடு உட்கார்ந்துவிட்டார் என்று. அந்த வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. முழங்கால் வலி உள்ளவருக்குத் தரையில் உட்காருவதும் எழுவதும் எவ்வளவு பாடு என்று தினமும் பார்ப்பவர் நீங்கள். அவர் பேரனுக்காக மண்ணில் உட்கார்ந்து அத்தனை நேரம் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறார். நீங்கள் அதைத் தாமதக் கணக்கில் சேர்க்கிறீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையோடு வெளியே போனவர் அவர் ஒருவர்தான் அம்மா. நீங்களும் உங்கள் கணவரும் அருவிக்குப் போனீர்கள். இப்போது அவரையும் வீட்டில் விட்டுவிட்டால் பையன் யாரோடு போவான்?

தாத்தாவும் பேரனும் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். 'ஏதோ பூச்சிக்குழி' என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது குழிநரி என்னும் பூச்சியின் புழு செய்த வேலை. காய்ந்த பொடிமணலில் பின்பக்கமாகவே நகர்ந்து சுற்றிச் சுற்றி அது அந்தப் புனலைத் தோண்டும். மணல் எந்தச் சரிவு வரை சரியாமல் நிற்குமோ அந்த அளவுக்கே ஓரம் செங்குத்தாக இருக்கும். அடியில் உடம்பைப் புதைத்துக்கொண்டு தாடையை மட்டும் விரித்துக் காத்திருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். எறும்பு ஏறித் தப்பிக்கப் பார்த்தால் கீழேயிருந்து தலையால் மணலை வாரி அடிக்கும். பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையைக் குழிக்கு வெளியே வீசும். பின்னால் இந்தப் புழுவே மண்ணுக்குள் கூடு கட்டி, தட்டான் மாதிரி சிறகோடு வெளியே வரும். இவ்வளவும் உங்கள் மகனின் காலடியில் நடந்திருக்கிறது. எறும்பு விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தவனை அள்ளித் தூக்கிவிட்டு, ஏன் அழுகிறான் என்கிறீர்கள்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓரடி வைக்கும் தூரத்துக்கு அவன் ஏறக்குறைய இரண்டடி வைக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 3 மணி நேரமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கப் பரவலாக. ஓடுவான், நிற்பான், குந்துவான், வந்த வழியே திரும்பி ஓடுவான். அந்த வயதுக்கு நடை என்பது அதுதான். நேராக 3 கிலோமீட்டர் நடப்பது உங்கள் ஆசை.

உங்கள் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அங்கே மண்ணில் இருந்தது அவருடைய அப்பாவும் அவருடைய மகனும். திரும்பி நடந்து வந்து அவர்கள் பக்கத்தில் பத்து நிமிடம் குந்தியிருக்கலாம். தூரத்தில் நின்று பெற்ற தகப்பனைச் சத்தம் போட்டு அவசரப்படுத்துவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரால் முடிந்த தூரம்தான் வீட்டின் தூரம் என்பது என் கட்சி. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அழுது களைத்த நான்கு வயதுப் பிள்ளையைப் பாசி பிடித்த பாறைக்குக் கொண்டுபோனது தவறு. சின்னப் பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது. மூழ்குவதற்கு ஆழமும் அதிகம் தேவையில்லை. தண்ணீர் பக்கம் போனால் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் அவன் இருக்க வேண்டும், அந்தப் பெரியவருக்கு அப்போது வேறு வேலை இருக்கக் கூடாது.

அடுத்த முறை அருவி வேண்டாம். அந்தக் குழிகள் வரை மட்டும் போங்கள். பையன் முன்னால் நடக்கட்டும், அவன் நிற்கும் இடத்தில் எல்லோரும் நில்லுங்கள். அவன் களைப்பதற்கு முன்பே திரும்பிவிடுங்கள், திரும்பும் வழிக்கும் அவன் காலில் தெம்பு வேண்டும். பக்கத்தில் பொந்து ஏதாவது இருந்தால் அதில் கையை விடக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லிவையுங்கள். மாமனாருக்கு மடக்கு முக்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதை உங்கள் கணவர் தூக்கி வரட்டும். அங்கே போய் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். போன தடவை என்ன பார்த்தீர்கள் என்று அவர்கள் இருவரிடமும் கேளுங்கள்.

மழை பெய்து மணல் நனைந்தால் குழிகள் கலைந்துவிடும். அதற்கு முன் போய்விடுங்கள்.