வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது?

சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கு ஆற்றல் நகர்வதுதான் வெப்பப் பரிமாற்றம். மூன்று வழிகள். முட்டம் கடற்கரையில் மதியம் செருப்பில்லாமல் நின்றால் மூன்றும் புரிந்துவிடும்.

சுமார் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து வெயில் முதுகில் விழுகிறதே, அது கதிர்வீச்சு. இடையில் எந்தப் பொருளும் தேவையில்லை.

மணல் உள்ளங்காலைச் சுடுவது கடத்தல். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் இடித்தால் பக்கத்தில் இருப்பவரும் ஆடுவாரே, அப்படித் துகளிலிருந்து துகளுக்கு அதிர்வு பரவுகிறது. ஆனால் மணல் மோசமான கடத்தி. காலை ஒரு சாண் உள்ளே புதைத்துப் பாருங்கள், குளுகுளுவென்று இருக்கும்!

அப்புறம் கடற்காற்று. தண்ணீர் சூடாக அதிக வெப்பம் வேண்டும். மணல் சீக்கிரம் சூடாகிவிடும். அதன் மேலுள்ள காற்று விரிந்து, லேசாகி மேலே போக, கடல்பக்கக் குளிர்காற்று உள்ளே வருகிறது. இதுதான் வெப்பச்சலனம்.

‘வெப்பம் எப்போதும் மேலேதான் போகும்’ என்பது தவறு: மேலே போவது சூடான காற்றும் நீரும்தான், வெப்பம் எல்லாப் பக்கமும் போகும்.