54,000 ரூபா குறைவு என்றால் மிச்சமா?

கேள்வி: ஐயா, நான் சுன்னாகத்தில் ஆசிரியை. ஆவணியில் ரொறன்ரோவில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். நானும் மகனும் அம்மாவும் போகிறோம். மூவருக்கும் கனடா விசா கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஏஜென்சி சொன்ன விலையைவிட, இணையத்தளம் ஒன்றில் மூவருக்கும் சேர்த்து 54,000 ரூபா குறைவாகக் காட்டுகிறது. கடனட்டையில் உடனே போடுவோம் என்று மகன் அவசரப்படுத்துகிறான். என்ன செய்யலாம்?

பதில்: ரீச்சர், அவசரப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய, அந்தத் தளத்தின் விலைப் பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலைக்குக் கீழே, துபாயில் பெட்டிகளை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படியென்றால் அது ஒரே பயணச்சீட்டு அல்ல, இரண்டு கம்பனிகளின் இரண்டு சீட்டு. பெட்டி எடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வரவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு அதற்கு முன்கூட்டியே விசா வேண்டும். கட்டுநாயக்கவில் முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால், உங்களை வேறொன்றில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. முழங்கால் நோவோடு அம்மா காத்திருக்க, அன்றைய விலைக்கு நீங்கள் மூன்று சீட்டு வாங்க வேண்டும். 54,000 அங்கேயே கரைந்துவிடும்.

பெட்டிக் கணக்கையும் பாருங்கள். ஏஜென்சி விலையில் ஆளுக்கு இரண்டு பெட்டி. தளத்தின் விலையில் கைப்பை மட்டும்தான். கல்யாணச் சேலை, மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் கைப்பைக்குள் அடங்காது. அட்டையில் டொலரில் கட்டினால் வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும் வேறு சேரும்.

2020 பங்குனியில் விமான நிலையம் மூடப்பட்டபோது நானும் இப்படி ஒரு தளத்தில் வாங்கிய சீட்டோடு நின்றேன். விமானக் கம்பனி தளத்தைக் கேள் என்றது. தளத்திலிருந்து தானியங்கி மின்னஞ்சல் மட்டும் வந்தது. காசு கைக்கு வரப் பதினொரு மாதம். பக்கத்து வீட்டு அண்ணா டவுனில் வாங்கியிருந்தார். ஏஜென்சிக்காரரே எழுதிப் பேசித் திகதியை மாற்றிக் கொடுத்தார். சிக்கல் வந்த நாளில் நேரே போய்க் கேட்க ஒரு கடைப்படி இருப்பது பெரிய விஷயம்.

உங்கள் பயணத்துக்கு ஏஜென்சிதான் சரி. அதற்காக முதல் சொன்ன விலைக்கே தலையாட்ட வேண்டாம். இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூவரும் ஒரே பதிவில், பெட்டி ரொறன்ரோ வரை நேரே போகும்படி கேளுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலியையும் அப்போதே பதியச் சொல்லுங்கள். திகதி மாற்ற எவ்வளவு, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறி விழுவது வழக்கம், பிறகு திருத்தக் காசு கேட்பார்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு என்றால் நானே விமானக் கம்பனியின் தளத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பேன். நேரடி விமானம், சிறிய தொகை, ஏஜென்சி தேவையில்லை.

காசு கட்டியதும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, அன்று மாலையே பதிவு எண்ணை விமானக் கம்பனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். மூவரின் பெயரும் சீட்டு இலக்கமும் அங்கே தெரியாவிட்டால், அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது பற்றுச்சீட்டோடு வாசலில் நில்லுங்கள்.