நீச்சல் தெரிந்தவரும் ஏரிப் படகில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டுமா?

"எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஏரியில் படகுச் சவாரி செய்யும்போது நானும் லைஃப் ஜாக்கெட் அணிந்துதான் ஆக வேண்டுமா? படகோட்டியே அணிவதில்லையே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அணியத்தான் வேண்டும், படகோட்டியும் அணியத்தான் வேண்டும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் புக்கிட் மேரா ஏரிக்கோ கென்யிர் ஏரிக்கோ புறப்படும் ஒருவர், மைத்துனர்கள் பார்க்க அந்த ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு இப்படிக் கேட்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகான் செராய்ப் பக்கம், முன்பு ரப்பரும் இப்போது செம்பனையும் சூழ்ந்த ஒரு தோட்டப்புறச் சிற்றூரில் நான் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். புக்கிட் மேரா ஏரி, கிரியான் வட்டார நெல்வயல்களின் பாசனத்துக்காக 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். மீன்பிடிப்பவர்களின் சம்பான் என்னும் சிறு படகும் சுற்றுலாப் பயணிகளின் படகும் ஜெட் ஸ்கியும் அங்கே ஒரே நீரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அவ்வளவாக ஆழமில்லாத ஏரி என்பதால், இதில் போய் யார் மூழ்கப் போகிறார்கள் என்பது எங்கள் ஊரில் வழக்கமான பேச்சு.

என் தாய்மாமனும் அதையேதான் சொல்வார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் வேலை முடிந்ததும் நேரே ஆற்றில் குதித்து, எதிர்நீச்சல் போட்டே உடம்பை வளர்த்தவர். ஒரு தீபாவளி விடுமுறையில் என்னோடு தூண்டில் போட வந்தபோது லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன். "தோட்டத்து ஆற்றிலே பிறந்து வளர்ந்தவனுக்கு இது எதுக்குடா மருமகனே?" என்று சிரித்தார். அதைப் போடாமல் படகை அவிழ்க்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். உறவுக்காரப் பையன்கள் கரையில் நின்று அவரைப் படமெடுத்துக் கேலி செய்தது வேறு.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாங்கள் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், இளைஞர்கள் இருவர் ஒரே ஜெட் ஸ்கியில் எங்களை நோக்கி விரைந்து வந்தார்கள். அருகில் வந்து சட்டென்று திரும்பி எங்கள்மேல் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போவதுதான் அவர்களுடைய எண்ணம் என்று நினைக்கிறேன். மிகவும் நெருங்கிவிட்டோம் என்று தெரிந்ததும் ஓட்டியவன் பயந்துபோய் வேக விசையை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் திருப்பினான். ஜெட் ஸ்கி திரும்பவில்லை. நேரே வந்து எங்கள் சம்பானின் பின்பக்கத்தில் மோதியது. எழுந்து நிற்க முயன்ற மாமா பக்கவாட்டில் சரிந்து, படகின் விளிம்பில் நெற்றிப்பொட்டு அடிபட நீரில் விழுந்தார்.

விழுந்தவர் நீந்தவில்லை. கைகள் இரண்டும் துவண்டு கிடக்க, கண்கள் பாதி மூடியிருக்க, முகம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி மிதந்தார். அந்த லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டைதான் அவருடைய தலையை நீருக்கு மேலே தாங்கியிருந்தது. நான் குதிக்கவும் இல்லை, இயந்திரத்தை முடுக்கவும் இல்லை. நீரில் ஆள் கிடக்கும்போது அடியில் விசிறி சுழலக் கூடாது. துடுப்புப் போட்டு நெருங்கி, தோள்பட்டை வாரைப் பிடித்து அவரை இழுத்தேன். தோள் எலும்பில் விரிசலும் நெற்றியில் தையலுமாக மாமா பிழைத்துக்கொண்டார். எவ்வளவு நன்றாக நீந்தினாலும் நினைவு தப்பிய மனிதருக்கு அந்தத் திறமை ஒரு பயனும் தராது என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில்.

அந்த இளைஞனை நான் கெட்டவன் என்று சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்காமல் வண்டியைக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சியடிக்கும் நீரின் திசையை மாற்றித்தான் அது திரும்புகிறது. விசையை விட்டால் பீய்ச்சல் நின்றுவிடும், பீய்ச்சல் நின்றால் கைப்பிடியை எந்தப் பக்கம் வளைத்தாலும் வண்டி போன போக்கில்தான் போகும். மோட்டார் சைக்கிள் பழகியவனுக்கு ஆபத்தில் முதலில் தோன்றுவது வேகத்தைக் குறைப்பதுதான்; இங்கே அதுவே வினையாகிறது. இந்த ஒன்றை விளக்குவதற்குக்கூட வாடகைக்கு விடுபவர்களுக்கு நேரமில்லை, பணத்தை எண்ணுவதற்கு மட்டும் நேரமிருக்கிறது. அது எந்த இடம் என்று எழுத மாட்டேன். ஒரே இடத்தின் குறையும் அன்று.

ஜெட் ஸ்கியையே தடை செய்யச் சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றையும் பழுதுபார்த்துத்தான் சாப்பிடுகிறேன். பெரிய படகுக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். சிறிய சம்பானைக் கண்டதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மரியாதை செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். மூக்கை உயர்த்திக்கொண்டு அரைவேகத்தில் போகும் படகுதான் இருப்பதிலேயே பெரிய அலையை எழுப்பும், ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பதையும் மறைக்கும். குறைப்பதானால் படகு நீரில் சமமாக அமரும் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் என்று கையில் தரப்படுவதெல்லாம் லைஃப் ஜாக்கெட்டும் அன்று. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மிதக்கவைக்கும் திறனை நியூட்டன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது நினைவோடு நீந்தக்கூடியவருக்கு மிதக்கத் துணைசெய்வது மட்டுமே. அமைதியான நீரில் நினைவிழந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்ப 100 அல்லது அதற்கு மேல், கழுத்துப்பட்டையோடு இருக்க வேண்டும். இருக்கை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நுரை தட்டையாகிப்போனவற்றையும், உடைந்த கொக்கிக்குப் பதிலாக ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு கட்டியவற்றையும் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அவற்றை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

படகோட்டி அணியாததைக் கேட்டீர்கள். இயந்திரத்தை உடனே நிறுத்துவதற்கென்று ஒரு சுருள் கயிறு உண்டு. ஓட்டுபவர் மணிக்கட்டிலோ அங்கியிலோ அதை மாட்டியிருந்தால், அவர் விழுந்த மறுநொடி இயந்திரம் நின்றுவிடும். என் கடைக்கு வரும் படகுகளில் பெரும்பாலும் அது யார்மேலும் மாட்டப்படாமல் நிறுத்தும் பொத்தானிலேயே தொங்குகிறது. ஓட்டுபவர் விழுந்தால் ஆளில்லாத படகில் நீங்கள்தான் மிச்சம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே கயிற்றைப் பற்றியும் அங்கியைப் பற்றியும் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த படகைப் பாருங்கள். குழந்தைகள் உடன் வந்தால், அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் அந்தக் குழந்தைக்கு உரியது அன்று. கால்களுக்கு இடையே வார் உள்ள சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.