மடத்திலிருந்து வந்திருக்கும் மதினி – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் கணவர் கடலுக்குப் போயிருக்கும் இரவுகளில் உங்கள் எழுத்துகளைக் கைபேசியில் வாசிக்கிறவள் நான். இதை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். மணக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் என்று மட்டும் போடுங்கள்.

என் கணவரின் அக்கா கத்தோலிக்கக் கார்மேல் சபையின் அடைப்பு மடத்தில், அதாவது உள்ளே போனவர்கள் வெளியே வராமல் செபத்தில் வாழும் மடத்தில், கன்னியராக இருப்பவர். மடம் வெளிமாநிலத்தில் இருக்கிறது. 2003-ல் உள்ளே போனவர் பிறகு வீட்டுக்கு வந்ததே இல்லை. நான் கல்யாணமாகி வந்தபோது அவரைச் சுவரில் மாட்டிய புகைப்படத்தில்தான் பார்த்தேன். ஒரே ஒரு முறை மடத்துக்குப் போய்க் கம்பிக்கிராதி வழியாகப் பேசினோம். இந்தத் தவக்காலத்தில் என் மாமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மதினி மடத்தில் கேட்டு, ஓராண்டு வெளியே வாழ அனுமதி வாங்கி வந்திருக்கிறார். நாகர்கோவிலில் ரயிலிலிருந்து இறங்கியவரை, கோவில் தெருவைத் தவிர்த்து, தென்னந்தோப்பு வழியாக இரவு பதினொரு மணிக்கு மேல் என் கணவர் வீட்டுக்குக் கூட்டி வந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

ஆனாலும் தெரிந்துவிட்டது. வீட்டில் அவர் வெள்ளைச் சேலை உடுத்துகிறார். அதைப் பார்த்து 'உடுப்பைக் கழற்றிவிட்டாள்' என்கிறார்கள். மடத்தில் சண்டை என்கிறார்கள். 'சுனாமியில் சித்தப்பா வீட்டில் சாவு விழுந்தபோது வராதவள் இப்போது சொத்துக்கு வந்திருக்கிறாள்' என்று கோவில் வாசலில் அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். மதினி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இடம் ஏது? இரண்டு அறை, வலை போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று, அவ்வளவுதான். மாடிப்படியில் உட்கார்ந்து செபிக்கிறார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் அங்கே அப்படியே கேட்கும்.

என் கணவருக்கு அண்ணன்கள் இருவர் உண்டு. ஒருவர் குவைத்தில், இன்னொருவர் நாகர்கோவிலில் சொந்த வீட்டில். 'அவளுக்கென்ன குடும்பமா குட்டியா, அவளே பார்க்கட்டும்' என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

என் மதினி இப்போது கன்னியர்தானா? ஊருக்கு நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? நான் அவரை சிஸ்டர் என்று கூப்பிடுவதா, மதினி என்று கூப்பிடுவதா? இதையெல்லாம் அவரிடமே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். உங்கள் மதினி கன்னியர்தான். நேற்றும், இன்றும், அந்த ஓராண்டு முழுவதும்.

அவர் வாங்கி வந்திருப்பது விலகல் கடிதம் இல்லை. நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான துறவற உறுதிமொழி, கொடுத்த ஒருவர் மடத்துக்கு வெளியே குறிப்பிட்ட காலம் வாழ்வதற்குத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அடைப்பு மடங்களைப் பொறுத்தவரை, 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி இந்த அனுமதியை உரோமைதான் தர வேண்டும் என்றிருந்தது. 2018-ல் வத்திக்கான் வெளியிட்ட நடைமுறை விதிகள் அதை மாற்றின. இப்போது மடத்துத் தலைவியே, தன் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு, ஓராண்டு வரை தரலாம். அதற்கு முன்பு, அந்தக் கன்னியர் எங்கே தங்கப் போகிறாரோ அந்த இடத்தின் ஆயர் சம்மதிக்க வேண்டும். இதை உங்கள் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் தென்னந்தோப்பு வழியாக நீங்கள் ஒளித்துக் கூட்டி வந்தவர் திருச்சபைக்குத் தெரியாமல் வந்தவர் இல்லை.

இந்தக் காலத்தில் வார்த்தைப்பாடுகள் அப்படியே இருக்கும். வெளியில் வாழ்வதோடு ஒத்துப்போகாத கடமைகளிலிருந்து மட்டும் விலக்கு உண்டு. அனுமதியில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, துறவற உடையையும் அணியலாம். அவர் அணியாமல் இருப்பதற்கு அந்தத் தாளில் உள்ள ஒரு வரி காரணமாக இருக்கலாம். எழுபது கிலோ எடையுள்ள அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க, கணுக்கால் வரை தொங்கும் கம்பளி உடை இடைஞ்சல் என்பதும் காரணமாக இருக்கலாம். ஊருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. சொத்துக் கதையை ஒரே வரியில் முடிக்கலாம்: இத்தகைய மடங்களில் நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்பே தன் உடைமை அனைத்தையும் துறந்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

அவர் இழந்திருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படி வெளியே வாழும் காலத்தில் மடத்துத் தேர்தலில் அவருக்கு வாக்கு கிடையாது, அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. 22 ஆண்டுகள் கூடவே வாழ்ந்த சகோதரிகள் நடுவே தன் குரலை ஓராண்டுக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் வந்திருக்கிறார்.

ஊராரின் பேச்சுக்கு வருகிறேன். உடுப்பைக் கழற்றிவிட்டாள், அங்கே சண்டை, சொத்துக்கு வந்திருக்கிறாள். இந்த மூன்றையும் நான் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். புகுந்த வீட்டிலிருந்து திரும்பிய பெண்களைப் பற்றிச் சொன்னவை இவை. தாலியைக் கழற்றிவிட்டாள், மாமியாரோடு சண்டை, அப்பன் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாள். அச்சு மாறாத அதே வசை. பிறந்த வீட்டுப் படியேறும் பெண்ணுக்கு நம்மிடம் இரண்டே கணக்குதான் இருக்கிறது: பிள்ளைப்பேறுக்கு வந்தவள், வாழாவெட்டியாக வந்தவள். மூன்றாவதாக ஒரு காரணத்தோடு ஒருத்தி வந்தால் அவளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டாவது கணக்கில் எழுதிவிடுகிறோம். உங்கள் மதினி மடத்துக்குப் போனபோது கல்யாணத்தைப் போலவே பந்தி வைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அதனால் திரும்பியதையும் கல்யாணக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். அந்தச் சொல்லை எந்தப் பெண்ணின் மீது எறிந்தாலும் எனக்குக் கோபம் வரும். அம்மாவின் மலத்தையும் சிறுநீரையும் அள்ளிக் கொட்டுவதற்காக வந்தவர் மீது எறிவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

சுனாமிக்கு வராதவள் என்ற குத்தலை மட்டும் நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போன அந்த 2004 டிசம்பர் காலையை அந்தக் கரையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. சொன்னவரின் வீட்டிலும் யாராவது போயிருப்பார்கள். அந்தத் துக்கம் ஓர் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அப்போது உங்கள் மதினி உள்ளே போய் ஓராண்டுக்கு மேல்தான் ஆகியிருக்கும். செய்தி காதில் விழுந்த பிறகும் அந்தச் சுவருக்குள் இருந்து மணிக்கு மணி செபிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத ஒரு இளம்பெண்ணின் இரவுகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று அழுதவர்களில் அவரும் ஒருவர் என்பதைக் குத்திப் பேசியவரிடம் அமைதியாக ஒரு நாள் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம்.

கார்மேல் சபைக்குள்ளேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. உங்கள் மதினியின் மடம் எந்த ஒழுங்கில் வாழ்கிறதோ அதை ஏற்படுத்தியவர் ஸ்பெயினின் அவிலா நகரத்துப் புனித தெரேசா. இளம் கன்னியராக இருந்தபோது, 1543-ல், சாகக் கிடந்த தன் தந்தையைப் பார்த்துக்கொள்ள மடத்தை விட்டு வெளியே போய், அவர் கண் மூடும் வரை கூடவே இருந்தார். அவர் இருந்த மடத்தில் அந்த நாளில் அடைப்பு கடுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1562-ல், கண்டிப்பான அடைப்பு கொண்ட சீர்திருத்த மடத்தைத் தொடங்கியவரும் அவரே. வெளிவேலைக்குக் கீழ்ப்படிதல் அழைக்கும்போது வருந்த வேண்டாம், அடுக்களைச் சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடக்கிறார் என்று தன் சகோதரிகளுக்கு எழுதியவரும் அவரே. உங்கள் மதினி இதைப் பல முறை வாசித்திருப்பார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மேல் கன்னியரான புனித குழந்தை தெரேசாளின் தந்தை மனம் தடுமாறி 1889-ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது தெரேசாளையும் சேர்த்து அவருடைய மகள்கள் மூவர் கார்மேல் மடத்துக்குள் இருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. வெளியில் இருந்த இன்னொரு மகள் செலின் தந்தையைப் பார்த்துக்கொண்டார். 1894-ல் அவர் இறந்த பிறகுதான் தானும் மடத்துக்குள் போனார். 1892-ல் ஒரு முறை தந்தையை மடத்துப் பேச்சறைக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். மகள்கள் அவரைப் பார்த்தது அதுவே கடைசி. அந்த வீட்டில் செலின் இருந்தார். உங்கள் வீட்டில் செலினாக இருக்க வேண்டியவர்கள் குவைத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள்.

என் உண்மையான வருத்தம் இங்கேதான். குடும்பமில்லாதவள் பார்க்கட்டும் என்கிறார்கள். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. விடிவதற்கு முன் மணியடித்து எழுப்பும் குடும்பம், அவருடைய இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கும் குடும்பம். அவர் வந்தது மகளாக. வந்தவுடன் அவரைச் சம்பளமில்லாத ஹோம் நர்ஸாக மாற்றிவிட்டு, பெற்ற ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னியுங்கள்.

ஓராண்டு என்பது ஓராண்டுதான். பல மடங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் தலைவி அதை இன்னும் இரண்டாண்டு வரை நீட்டலாம், அதற்கு மேல் உரோமைக்குப் போக வேண்டும். ஆனால் நீங்கள் யாருமே வேறு ஏற்பாடு செய்யாததால் அவர் நீட்டிப்பு கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. இன்றே அண்ணன்கள் இருவரையும் பேச வையுங்கள். குவைத் அண்ணன் ஹோம் நர்ஸின் சம்பளத்தை ஏற்கட்டும். நாகர்கோவில் அண்ணன் ஆண்டில் சில மாதங்களாவது அம்மாவைத் தன் வீட்டில் வைத்திருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியின் பெயரைப் பதிந்துவிடுங்கள். மதினி இருக்கும்போதே இவையெல்லாம் ஓடத் தொடங்கினால்தான் அவரால் நிம்மதியாகத் திரும்ப முடியும்.

பிறகு அந்த இரண்டு மணி நேரம். அது அவருடைய பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌனத் தியானம் என்பது அவிலா தெரேசா தன் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கு. 22 ஆண்டுகளாக மூச்சு விடுவதைப் போல அவர் செய்து வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளித் தோழி ஒருத்தியின் குடும்பத்தோடு வெளியூரில் ஓர் அடைப்பு மடத்துக்குப் போயிருக்கிறேன். நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள் இல்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவை விட்டால் எனக்கு அந்த உலகம் தெரியாது. சுவரில் பதித்த ஒரு மரப்பெட்டி, உருளை வடிவில், சுழலக்கூடியது. தோழியின் அம்மா அதில் நேந்திரம்பழச் சீப்பை வைத்துத் தள்ளினார். பெட்டி திரும்பி உள்ளே போனது. மறுபடி சுழன்று வந்தபோது அதில் ஒரு காகிதப் பொட்டலம்: திருப்பலிக்கான அப்பம் வெட்டியபின் மிஞ்சிய ஓரத் துண்டுகள், எங்களுக்குத் தின்ன. முகம் தெரியவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்ட குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்தச் சுவரை இன்றுவரை என்னால் சிறை என்று சொல்ல முடிந்ததில்லை.

வலை அறையைக் காலி செய்து கொடுங்கள். வலையைத் தார்ப்பாய் போட்டு வெளியே மூடி வைக்கலாம். கதவும் உள்தாழ்ப்பாளும் இருந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரம் மாமியின் அருகில் நீங்களோ, கரையில் இருக்கும் நாளில் உங்கள் கணவரோ உட்காருங்கள். மாமி மகளை அழைத்து அழுதாலும் கதவைத் தட்டாதீர்கள். கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் அவரை இழுக்க வேண்டாம். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், அவர் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். மதினி என்றே கூப்பிடுங்கள். சிஸ்டர் என்று கூப்பிட அவருக்கு உலகமெல்லாம் ஆள் இருக்கிறது. மதினி என்று கூப்பிட உங்களை விட்டால் யாரும் இல்லை.

அந்த நாள் வரும்போது இரவு ரயில் வேண்டாம். பகல் வண்டிக்கு டிக்கெட் எடுங்கள். ஆட்டோவைத் தோப்புப் பக்கம் நிறுத்தாமல் கோவில் தெருவுக்கே வரச் சொல்லுங்கள். அண்ணன்மார் உட்பட எல்லோரும் அவரோடு நடந்து வந்து, ஊர் பார்க்க, ஏற்றி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா