சம்பளம் வந்த அன்றே பணம் ஏன் கையை விட்டுப் போகிறது?

சிறுவயதில் நம்மை அறியாமல் படிந்தவை பெரியவர்களான பின்னும் நம்மை நடத்துகின்றனவா, சொந்த அனுபவத்தில் கண்டதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டதுண்டு. நான் மியான்மரின் (பழைய பர்மாவின்) யாங்கூனில் பிறந்து, இன்றும் அங்கேயே வாழ்பவன்.

சம்பளம் வாங்கிய அன்று மாலை நான் நேராகக் கடைத்தெருவுக்குப் போவேன். அரிசி மூட்டை, எண்ணெய், சோப்பு என்று வாங்கியது போக மிஞ்சினால் நகைக்கடை. ஒரு சமயம் வீட்டில் நாற்பது சோப்புக்கட்டிகள் இருந்தன. இதைச் சிக்கனம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். "நீங்க சாமான் வாங்கப் போகலை, கையில காசு இருக்கிறதுதான் உங்களுக்குப் பொறுக்கலை" என்று மனைவி சொன்ன பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் (எங்கள் நாட்டு நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது எனக்கு ஒன்பது வயது. 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகளை ஒழித்தபோதாவது ஓரளவு மாற்றிக்கொள்ள வழியிருந்தது. இம்முறை எதுவும் இல்லை. (பிறகு வந்த புதிய நோட்டுகள் 45, 90 கியாட், இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. ஒன்பதின் மேல் அப்போது நாட்டை ஆண்ட தளபதி நே வினுக்கு இருந்த நம்பிக்கைக்கு நாட்டு மக்கள் மனக்கணக்குப் போட்டுத் தவித்தார்கள்.) அப்பா சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். அன்றிரவு அம்மா பால்மாவு டின்னிலிருந்து 75 கியாட் நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து நீவி, ரப்பர் போட்டுக் கட்டி, பழையபடி டின்னில் வைத்து மூடியை அழுத்தினார். அழவில்லை. சில நாட்களில் அந்த நோட்டுகளை வைத்து நாங்கள் கடை விளையாட்டு விளையாடினோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பணம் இரவு தங்கியதில்லை. அன்றைய விற்பனைக் காசு மறுநாள் காலைக்குள் அரிசியாகவோ கருவாடாகவோ மாறிவிடும்.

பயந்த பிள்ளை பயத்தை மறக்கவில்லை, அவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்போது ஒரு வயதுக் குழந்தையாக இருந்த என் தங்கையும் இதையே செய்கிறாள். மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. அவளுக்கு அந்த இரவு தெரியவே தெரியாது. அவள் கற்றது அந்த இரவிலிருந்து அன்று, அதன் பிறகு பல ஆண்டுகள் காசு தொட்டவுடன் பரபரத்த அம்மாவின் கைகளிலிருந்து. பணத்தைப் பற்றி அம்மா எங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தந்ததில்லை.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் முதலானோர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு இதை விளக்கியது. 28 சிறு குழந்தைகளுக்கு நல்ல கிரேயான்களும் பிறகு ஸ்டிக்கர்களும் தருவதாக வாக்களித்து, பாதிப் பேருக்கு வாக்கைக் காப்பாற்றினார்கள். மீதிப் பேரிடம் இல்லை என்று கைவிரித்தார்கள். அடுத்து ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, பதினைந்து நிமிடம் பொறுத்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னபோது, முதல் கூட்டம் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தது, ஏமாந்த கூட்டமோ மூன்றே நிமிடம். ஏமாந்த குழந்தைகளைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ட உலகத்துக்கு அவர்கள் கணக்குச் சரி. உலகம் மாறிய பின்னும் அதே கணக்கைக் கை போட்டுக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். அலுவலகத்தில் யாராவது "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றால் அது என் காதில் "இல்லை" என்றே விழுகிறது. இதனால் நல்ல வாய்ப்புகள் இரண்டை நானே தட்டிவிட்டிருக்கிறேன்.

இதை விட்டொழிக்க முயன்று, 2020இல் முதன்முறையாக வங்கியில் ஒரு தொகை சேர்த்தேன். 2021 பிப்ரவரியில் ராணுவத்தால் ஆட்சி கவிழ்ந்து, வங்கிகள் மூடி, பணம் எடுக்கும் இயந்திரங்களின் முன்னே விடியற்காலையிலேயே வரிசைகள் நின்றபோது, எங்களைக் காப்பாற்றியது தங்கை வீட்டு அரிசி மூட்டைகள்.