பெல்ட்டை எண்ணினால் வரிசை தப்பும்: தலைசிறந்த ரெஸ்லர்களுக்கு ஒரு கணக்கு

கேள்வி இது: உலகின் தலைசிறந்த ரெஸ்லர்களை எதை வைத்து வரிசைப்படுத்துவது? 17 முறை உலக சாம்பியன் ஆன ஜான் சீனாதானே முதலிடம்?

என் கணக்கில் முதலிடம் ரிக் ஃபிளேருக்கு. சீனா ஆறாவது ஏழாவது இடத்தில்தான் வருகிறார். ஏன் என்று சொல்வதற்கு முன் பெல்ட் கணக்கை முடித்துவிடுவோம். இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி அங்கேதான் சறுக்குகின்றன.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது மணி அடிக்கும் முன்பே முடிவாகிவிடும். அப்படியென்றால் பெல்ட் என்பது நிர்வாகம் ஒருவர் மேல் வைக்கும் நம்பிக்கைதான். இவர் படத்தை போஸ்டரில் பெரிதாகப் போட்டால் டிக்கெட் விற்கும் என்று நினைத்தால் கொடுப்பார்கள், விற்கவில்லையென்றால் வாங்கி வேறொருவருக்குக் கொடுப்பார்கள். எத்தனை முறை வாங்கினார் என்பது இன்னும் மோசமான அளவுகோல். புரூனோ சாமார்டினோ 1963 மே 17 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி ரோஜர்ஸை 48 விநாடியில் சாய்த்து பெல்ட்டை வாங்கினார். 1971 ஜனவரி 18 அன்று இவான் கோலாஃபிடம் தோற்கும் வரை, 2,803 நாட்கள், அது அவரிடமே இருந்தது. அவருடைய மொத்த எண்ணிக்கை 2. சீனாவின் 17 முறைகளையும் நாள் கணக்கில் கூட்டினாலும் சாமார்டினோவின் அந்த முதல் முறையை எட்டாது. ஒருவர் 17 முறை சாம்பியன் என்றால் 16 முறையாவது பெல்ட் கைவிட்டுப் போயிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஃபிளேர் 16 முறை உலக சாம்பியன் என்பார்கள், அதுவும் உறுதியான எண் அல்ல. அது டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற பெரிய அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனம் ஏற்றுக்கொண்ட எண். 1984 மார்ச்சில் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஹார்லி ரேஸிடம் இழந்த பெல்ட்டை, சில நாளில் சிங்கப்பூர் காலாங்கில் திரும்ப வாங்கினார். சில பட்டியல்கள் இதைச் சேர்க்கும், சில விட்டுவிடும். 2025 ஏப்ரல் 20 அன்று லாஸ் வேகாஸில் கோடி ரோட்ஸைத் தோற்கடித்து சீனா 17-ஐத் தொட்டபோது முறியடித்தது ஒரு நிறுவனத்தின் பதிவேட்டை. இரண்டு பேரின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

அடுத்து நட்சத்திர மதிப்பீடு. ரெஸ்லிங் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் ஒவ்வொரு மேட்சுக்கும் நட்சத்திரம் போடுகிறார், உச்சம் 5 என்றுதான் எல்லோரும் பழகியிருந்தோம். 2017 ஜனவரி 4 டோக்கியோ டோமில் ஒகாடா - கென்னி ஒமேகா மேட்சுக்கு 6 கொடுத்தார். 2018 ஜூன் 9 ஒசாகாவில் அதே இருவருக்கு 7. அளவுகோலே நீண்டுவிட்டால் 1989-இன் 5-ஐயும் 2018-இன் 7-ஐயும் பக்கத்தில் வைத்து என்ன செய்வது? ஒரே வருடத்து மேட்ச்களை ஒப்பிட அது உதவும், தலைமுறைகளை ஒப்பிட உதவாது. புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை போடும் வருடாந்திர 500 பேர் பட்டியலும் அப்படித்தான்: கதையில் வரும் வெற்றி தோல்விக்கு அங்கே பெரிய எடை உண்டு. நம் ஊர் ட்ரம்ப் கார்டில் ‘ரேங்க்’ என்று ஓர் எண் இருந்ததே, அதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

சரி, எப்படிப் போடலாம்? நான் 100-க்கு இப்படிப் பிரிக்கிறேன்: ரிங்குக்குள் வேலை 40, கூட்டம் இழுக்கும் சக்தி 30, பேச்சும் பாத்திரமும் 15, நீடிப்பு 15. எடையை முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு பெயர்களை எடுக்க வேண்டும். பெயரை மனதில் வைத்துக்கொண்டு எடை போட்டால், பிடித்தவர் மேலே வரும்வரை எண்களை நகர்த்திக்கொண்டே இருப்போம்.

ரிங் வேலைக்கு ஒருவருடைய மேட்ச் பன்னிரண்டு போதும். ஆனால் நல்ல மேட்சாக மட்டும் பொறுக்கக் கூடாது. நான்கு மேட்ச் சிறந்த எதிராளிகளோடு, நான்கு சுமாரானவர்களோடு, நான்கு சாதாரண வாராந்திர டிவி மேட்ச். பார்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பத்தாவது நிமிடத்தில் காலில் வாங்கிய அடி இருபதாவது நிமிடத்தில் காலில் இருக்கிறதா? நொண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று டாப் ரோப்பிலிருந்து பாய்ந்து நிமிர்ந்து நின்றால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வலியைக் காட்டும் அந்த ‘செல்லிங்’ இல்லாமல் மூவ் எத்தனை தெரிந்திருந்தாலும் அது ஜிம்னாஸ்டிக்ஸ்தான்.

இதற்குச் சரியான பாடம் 1989 ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஃபிளேர் - ரிக்கி ஸ்டீம்போட் மேட்ச். மூன்று சுற்றில் (ஃபால்) இரண்டை ஜெயிக்க வேண்டும், ஏறக்குறைய 55 நிமிடம். முதல் ஃபால் ஃபிளேருக்கு. இரண்டாவதில் ஸ்டீம்போட் கைகளைப் பின்னால் மடக்கித் தூக்கும் டபுள் சிக்கன்விங் போட்டு ஃபிளேரைப் பணிய வைக்கிறார். ஃபிளேரின் ஆயுதம் ஃபிகர் ஃபோர் என்ற கால்பூட்டு, அதனால் காலையே குறிவைத்து அடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஸ்டீம்போட் மறுபடி அதே சிக்கன்விங்கில் தூக்கும்போது அடிபட்ட கால் தாங்கவில்லை. இருவரும் பின்பக்கமாக விழுகிறார்கள், ஸ்டீம்போட் தன் தோளை மட்டும் தூக்கிக்கொள்கிறார், ரெஃப்ரி மூன்று எண்ணுகிறார். ஃபிளேரின் கால் கயிற்றுக்கு அடியில் இருந்தது ரெஃப்ரி கண்ணில் படவில்லை. ஒரு காலை வைத்தே முடிவையும் எழுதிவிட்டார்கள், மே 7 நாஷ்வில்லில் நடக்கப்போகும் அடுத்த மேட்சுக்குக் காரணத்தையும் எழுதிவிட்டார்கள்.

ஃபிளேர் எந்நேரமும் ஒரே மேட்சைத்தான் ஆடுவார் என்ற குறை உண்டு. பிரெட் ஹார்ட்டே அதைச் சொல்லியிருக்கிறார். மூலையில் தலைகீழாகப் புரண்டு வெளியே விழுவது, டாப் ரோப் ஏறி அங்கிருந்து தூக்கி எறியப்படுவது, மண்டியிட்டுக் கெஞ்சுவது, நாலடி நடந்து முகம் குப்புற விழுவது எல்லாம் எல்லா மேட்சிலும் வரும். குறை உண்மைதான், ஆனால் அவருடைய வேலை என்ன என்று பார்த்தால் கணக்கு மாறும். 1981 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டியில் டஸ்டி ரோட்ஸிடமிருந்து என்.டபிள்யூ.ஏ. (பிராந்திய புரமோட்டர்களின் கூட்டமைப்பு) பெல்ட்டை வாங்கிய காலத்தில் அமெரிக்கா பிராந்தியம் பிராந்தியமாகப் பிரிந்து கிடந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புரமோட்டர், ஒரு உள்ளூர் ஹீரோ. சாம்பியன் ஊர் ஊராகப் போக வேண்டும். போன இடத்தில் உள்ளூர் ஹீரோ ஜெயித்தேவிட்டார் என்று கூட்டம் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் பெல்ட் மாறக் கூடாது. 60 நிமிட டிரா, அல்லது டிஸ்குவாலிஃபிகேஷன், அடுத்த வாரம் அடுத்த ஊர். சாம்பியன் போன பிறகும் அந்த ஹீரோவுக்கு டிக்கெட் விற்க வேண்டும் என்பதால் கெஞ்சலும் விழுதலும் அவசியமாக இருந்தன. ஓர் ஊர்க்காரர் பார்த்ததை அடுத்த ஊர்க்காரர் பெரும்பாலும் பார்த்திருக்கமாட்டார். இதையெல்லாம் 1975-இல் வட கரோலினாவில் விமான விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஒருவர் செய்தார். முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் 1992 ராயல் ரம்பிளில் மூன்றாவதாக உள்ளே வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று ஜெயித்தபோது வயது நாற்பதுகளில். என் கணக்கு: 38 + 24 + 15 + 14 = 91.

ஸ்டீவ் ஆஸ்டினுக்கு 33 + 30 + 15 + 8 = 86. நீடிப்பில் அடிவாங்குகிறார். 1997 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்துத் தலையை இறக்கிய பைல்டிரைவரில் கழுத்து போனது, 2003 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 19-வது பதிப்பில் முழுநேர ஆட்டம் முடிந்துவிட்டது. உச்சம் என்று சொல்லத் தக்கது நான்கைந்து வருடம். ஆனால் 83 வாரம் தொடர்ந்து டிவி ரேட்டிங்கில் தோற்றுக்கொண்டிருந்த டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் வாராந்திர நிகழ்ச்சி ரா, 1998 ஏப்ரல் 13 அன்று போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நைட்ரோவை மறுபடி முந்தியது அவர் சாம்பியன் ஆன சில வாரங்களில். அவர் ரிங் வேலையைக் குறைத்துப் பேசுபவர்கள் ரெஸில்மேனியா 13-ஐப் பார்க்க வேண்டும். பிரெட் ஹார்ட் ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பூட்டைப் போட்டிருக்கிறார், ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம், பணியவில்லை, மயங்கிவிடுகிறார். மேட்ச் முடிந்த பிறகும் பிரெட் காலை அடிக்கிறார், கூட்டம் அவரைத் திட்டத் தொடங்குகிறது. ஆஸ்டின் உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டுத் தானே நடந்து போகிறார். உள்ளே வந்தபோது நல்லவராக இருந்தவர் வில்லனாகவும் வில்லன் ஹீரோவாகவும் வெளியே போனார்கள். அந்த மேட்சில் தோற்றவருக்குத்தான் அதிக லாபம். பெல்ட்டையும் வெற்றியையும் எண்ணுபவர்களுக்கு இது கணக்கிலேயே வராது.

மூன்றாவது ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா, 39 + 24 + 8 + 14 = 85. ஜப்பானைத் தொடாத பட்டியலைப் பட்டியலென்றே நான் எடுத்துக்கொள்வதில்லை. 1990 ஜூன் 8 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஜம்போ சுருட்டாவைச் சாய்த்தது முதல், 1994 ஜூன் 3 கவாடாவுடனான மேட்ச் வரை வரிசையாகப் பாருங்கள்; மொழி தெரியாவிட்டாலும் கதை புரியும். அந்த ஸ்டைலின் விலையும் தெரிய வேண்டும். கழுத்திலும் தலையிலும் இறக்கும் மூவ்களை வருடக்கணக்கில் வாங்கியவர், 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ரிங்கிலேயே ஒரு பேக் சூப்ளெக்ஸுக்குப் பிறகு சாய்ந்து இறந்துபோனார். அவரைப் பார்த்து அந்த மூவ்களைப் போட்ட அடுத்த தலைமுறைக்கும் கழுத்து வலி மிச்சம்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷான் மைக்கேல்ஸ் 39 + 15 + 12 + 14 = 80; அவர் சாம்பியனாக இருந்த 1996-இல்தான் நைட்ரோவின் அந்த 83 வார ஓட்டம் தொடங்கியது, அதனால் இரண்டாவது எண் 15. ஹல்க் ஹோகன் 20 + 30 + 15 + 14 = 79. பிரெட் ஹார்ட் 37 + 18 + 9 + 13 = 77. சீனா 28 + 23 + 13 + 13, அதுவும் 77. அண்டர்டேக்கர் 27 + 20 + 13 + 15 = 75. ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்காக யாரும் சண்டை போட வேண்டாம், அது என் கை நடுக்கம்.

இப்போது எடையை மாற்றிப் பாருங்கள். கூட்டம் இழுப்பதற்கு 50, ரிங் வேலைக்கு 20 என்று வைத்தால் ஆஸ்டின் 89.5, ஹோகன் 89, ஃபிளேர் 88. நான்காம் இடத்தில் இருந்த மைக்கேல்ஸ் 70.5-க்கு இறங்கி பிரெட்டோடு கடைசியில் நிற்கிறார். ஹோகன் ரசிகரும் மைக்கேல்ஸ் ரசிகரும் வருடக்கணக்கில் அடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்: இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஹோகனுக்கு 30-க்கு 30 கொடுத்ததற்கு ஆதாரம் 1988 பிப்ரவரி 5, ஆந்த்ரே த ஜயன்டுடனான மேட்சை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் 3.3 கோடி. ரெஸில்மேனியா 3-இன் 93,173 பேர் என்ற எண்ணை நான் பயன்படுத்துவதில்லை, அது அறிவிக்கப்பட்ட எண். உள்ளே இருந்தது சுமார் 78,000 என்பது மெல்ட்சரின் வாதம். அதுவே பெரிய கூட்டம்தான்.

அண்டர்டேக்கரை 75-இல் வைத்ததற்கு இங்கே திட்டு விழும் என்று தெரியும். ரெஸில்மேனியாவில் தொடர்ந்து ஜெயித்த 21-0 ஸ்ட்ரீக்கை வைத்து அவரை மேலே ஏற்றாதீர்கள், அது முழுக்க முழுக்க புக்கிங், அதாவது நிர்வாகம் முன்பே எழுதிவைத்த முடிவு. 1993-இல் ஜயன்ட் கொன்சாலஸுக்கு எதிரான வெற்றி, எதிராளி மயக்க மருந்துத் துணியை முகத்தில் அழுத்தியதால் கிடைத்த டிஸ்குவாலிஃபிகேஷன் வெற்றி. அவருக்கு உரிய மரியாதை 2009-இலும் 2010-இலும் மைக்கேல்ஸோடு ஆடிய இரண்டு மேட்சுக்கு. அந்தப் பாத்திரத்தில் அறிமுகமாகிப் பதினெட்டுப் பத்தொன்பது வருடம் கழித்து ஒருவருடைய சிறந்த மேட்ச்கள் வந்தது அபூர்வம்.

சீனாவுக்கு ரிங் வேலையில் 28 அதிகம் என்பார்கள். அவர்களுக்கு 2007 போதும். ஜனவரியில் உமாகாவோடு லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் (விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழ முடியாவிட்டால் தோல்வி), மே, ஜூனில் கிரேட் காளியோடு இரண்டு மேட்ச். காளி ஏழடி உயரம், வேகமாக நடக்கவே முடியாது. அவரை எஸ்.டி.எஃப் என்ற பூட்டில் போட்டு, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்ததைக் கூட்டம் நம்பியது. சுமாரான எதிராளியோடு நான்கு மேட்ச் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

எல் சாந்தோ, லூ தெஸ், ரிக்கிடோசான், சாமார்டினோ இவர்களை நான் இந்த எண்களுக்குள் கொண்டுவருவதில்லை. முழு மேட்ச் பதிவுகள் குறைவு, ரிங் வேலைக்கு 40-இல் எவ்வளவு என்று நேர்மையாகப் போட முடியாது. 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்ற தாரா சிங்கும் அந்த வரிசைதான். இவர்களுக்குத் தாக்கத்தை மட்டும் வைத்துத் தனிப் பட்டியல் போடலாம்; அதில் எல் சாந்தோவும் ரிக்கிடோசானும் மேலே வருவார்கள். பெண்களில் ஜப்பானின் மனாமி டொயோடாவைப் பார்க்காமல் டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் சார்லட், பெக்கி என்று தொடங்குவது 1990-களை முழுசாகத் தாண்டிக் குதிப்பது.

கிறிஸ் பென்வா? ரிங் வேலைக்கு மட்டும் போட்டால் 38 வரும். 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றவரை நான் பட்டியலில் வைப்பதில்லை, வைப்பவர்களோடு வாதிடுவதும் இல்லை.

ரோமன் ரெய்ன்ஸின் 1,316 நாள், ஒகாடாவின் டோக்கியோ டோம் மேட்ச்கள் எல்லாம் எங்கே என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு நீடிப்பு என்ற நான்காவது கட்டத்தில் எண் போட முடியாது. ஓய்வுபெற்று ஐந்து வருடமாவது ஆகட்டும், போடலாம். சீனா மட்டும் விதிவிலக்கு, கேள்வியே அவரைப் பற்றியது.