புரதம் நிறைந்த இத்தாலிய ஓவன் முட்டை: முட்டையோடு நிறுத்தினால் போதாது

கேள்வி இது: "ஜிம் போகிறேன். இரவுக்கு இத்தாலியர்கள் மாதிரி முட்டையை ஓவனில் வைத்துச் சாப்பிட ஆசை. எப்படிச் செய்வது, புரதம் எவ்வளவு தேறும், மஞ்சள்கருவை எடுத்துவிடலாமா?"

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் இரண்டு வருடம் படித்தேன். அப்போது வாரத்தில் இரண்டு ராத்திரியாவது இதுதான் என் சாப்பாடு. அங்கே இதற்குப் பெயர் 'உவோவா இன் புர்கடோரியோ'. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சொல்கிற மாதிரி சொன்னால், உத்தரிக்கிற ஸ்தலத்து முட்டை. மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் நெருப்பில் சுத்தமாகிற இடம்தான் உத்தரிக்கிற ஸ்தலம். தளதளவென்று கொதிக்கும் தக்காளி நெருப்பு. அதில் வெள்ளையாய் மிதக்கும் முட்டைகள் ஆத்துமாக்கள். அந்த ஊரில் இந்தப் பெயருக்குக் கனம் உண்டு. பழைய நகரத்தில் வியா தெய் திரிபுனாலி என்ற ஒடுங்கிய தெருவில், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகவே 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இருக்கிறது. வாசலில் குட்டையான கல்தூண்கள் மேல் வெண்கல மண்டையோடுகள். போகிறவர் வருகிறவர் தொட்டுத் தொட்டு அவற்றின் உச்சி மட்டும் பொன்போல் மின்னும். அதைத் தாண்டித்தான் நான் தினமும் காய்கறிக் கடைக்குப் போவேன்.

வழக்கமாக இதை அடுப்பிலேயே, வாணலியை மூடிவைத்துச் செய்வார்கள். ஓவனில் வைத்தால் மேலேயிருந்தும் சூடு இறங்கும், சீஸ் சிவக்கும், இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் ஆகிவிடும். அதனால் நான் ஓவனுக்கு மாறிவிட்டேன்.

முதலில் புரதக் கணக்கு, ஏனென்றால் பலரும் தவறுவது அங்கேதான். 50 கிராம் முட்டை ஒன்றில் 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம். இரண்டு முட்டையைத் தக்காளியில் உடைத்து ஊற்றி 'ஹை புரோட்டீன்' என்று சொல்லிக்கொண்டாலும் தட்டில் இருப்பது 12 கிராம்தான். சாதாரண ஆளுக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது 2020இல் நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தந்த அளவு. எடை தூக்குகிறவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்பார்கள். 65 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், ராத்திரிச் சாப்பாட்டில் 30, 35 கிராமாவது வர வேண்டும். அதை முட்டை மட்டும் தராது, கூடச் சேர்வதும் சேர்ந்துதான் தரும்.

நான் ஒரு ஆளுக்கு வைப்பது: மூன்று முட்டை (19 கிராம் புரதம்), வெந்த கன்னெல்லினி என்ற வெள்ளை பீன்ஸ் 100 கிராம் (8), ரிக்கோட்டா என்ற மெதுவான சீஸ் 50 கிராம் (4), துருவிய பார்மிஜானோ என்ற கெட்டிச் சீஸ் 15 கிராம் (5). கூட்டினால் 36. ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்து 640 கலோரி பக்கம் வரும். பார்மிஜானோவில் 100 கிராமுக்கு 32 கிராம் புரதம். குறைந்தது 12 மாதம் வைத்துப் பதமாக்கிய சீஸ் என்பதால் தண்ணீர் வற்றிப் புரதம் செறிந்திருக்கும். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களும் பெரும்பாலும் இதைச் சாப்பிடலாம், இதில் அது அநேகமாக இருக்காது. உப்பு மட்டும் அதிகம், அதனால் தக்காளிக் குழம்புக்கு உப்புப் போடும்போது கையை அடக்குங்கள்.

ஊருக்குத் திரும்பியபின் ரிக்கோட்டாவுக்குப் பதில் பன்னீரை உதிர்த்துப் போடுகிறேன். ரிக்கோட்டா, சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் மோர்த்தண்ணீரை மறுபடி காய்ச்சி எடுப்பது. அந்தப் பேருக்கே 'மறுபடி வேகவைத்தது' என்றுதான் அர்த்தம். பன்னீர் முழுப்பாலில் திரிவது, அதே 50 கிராமில் புரதம் 9 வரும், ஆனால் அந்த வழுவழுப்பு வராது. கன்னெல்லினி கிடைக்காவிட்டால் டபுள் பீன்ஸ் நன்றாகப் பொருந்தும். அங்கே மணத்துக்குப் போடும் பேசில் இலைக்குப் பதில் நம் திருநீற்றுப்பச்சிலையைப் போடலாம். இரண்டும் ஒரே இனம்தான், மணம் கொஞ்சம் காட்டமாக இருக்கும், இரண்டு இலைக்கு மேல் வேண்டாம்.

இப்போது செய்முறை. எண்ணெயில் தட்டிய இரண்டு பல் பூண்டைப் பொன்னிறமாக்கி எடுத்துவிடுங்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே சட்டியில் போட விடமாட்டார். வற்றல்மிளகாய் ஒன்று, பிறகு 200 கிராம் தக்காளி. அங்கே வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துச் சமவெளியில் விளையும் சான் மர்சானோ தக்காளி சதைப்பற்றானது, புளிப்புக் குறைவு. நம் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் தண்ணீரும் கூடுதல், அதனால் எண்ணெய் பிரிந்து வரும்வரை வற்ற வைக்கத்தான் வேண்டும். இதில் அவசரப்படவே கூடாது. முதல் தடவை நான் குழம்பைத் தண்ணியாக விட்டுவிட்டேன். வெள்ளைக்கரு நூல்நூலாகப் பிரிந்து பரவிவிட்டது, அது வேகட்டும் என்று காத்திருந்ததில் மஞ்சள்கரு கல்லாகிவிட்டது. கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

பீன்ஸைச் சேர்த்து, கொதிக்கிற சூட்டோடு ஓவன் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கரண்டியின் முதுகால் மூன்று குழி. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுக் குழியில் இறக்குங்கள். இடைவெளியில் ரிக்கோட்டா, மேலே பார்மிஜானோ. 190 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில், ஓ.டி.ஜி என்கிற சின்ன மின் ஓவன் என்றால் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 10 முதல் 12 நிமிடம். ஒன்பதாவது நிமிடமே கதவைத் திறந்து பாத்திரத்தை லேசாக அசையுங்கள். வெள்ளைக்கரு மொத்தமும் பால்நிறமாகி, மஞ்சள்கரு மட்டும் உள்ளே தளும்பினால் எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் குழம்பின் சூடு முட்டையை வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். மஞ்சள்கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி 70இல் இறுகிவிடும், இடைப்பட்ட அவகாசம் அவ்வளவுதான். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் இந்தத் தளும்பலை விட்டுவிட்டு மஞ்சளும் நன்றாக இறுகும்வரை வேகவையுங்கள், சால்மொனெல்லா கிருமிப் பயம் இருக்கிறது.

ஜிம்மில் சிலர் பச்சை முட்டை குடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். வேண்டாம். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள்: வெந்த முட்டைப் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான்.

மஞ்சள்கருவை எடுத்துவிடலாமா? தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒரு முட்டையின் புரதத்தில் 2.7 கிராம் மஞ்சளில் இருக்கிறது. கோலின் என்ற சத்து, வைட்டமின் டி, இரும்பு எல்லாம் அதில்தான். இந்தச் சாப்பாட்டுக்கு மஞ்சள்கருதான் சாறும்கூட. வெள்ளையை மட்டும் ஓவனில் வைத்தால் ரப்பராகும். கொழுப்பு அதிகம் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் ஒரு முழு முட்டையும் மூன்று வெள்ளையும் வையுங்கள், அந்த ஒரு மஞ்சளை நடுக்குழியில் இறக்குங்கள். சாப்பிடும்போது முதலில் அதை உடைத்துவிட்டு, பீன்ஸோடு கலந்து, மொறுமொறுவென்று சுட்ட ரொட்டித் துண்டால் பாத்திரத்தின் ஓரம்வரை வழித்துச் சாப்பிடுங்கள்.